மலை ஏறுபவர்களுக்கும் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும் என்ன சாப்பாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி என்று வருடத்துக்கு நாலைந்து முறை மலை ஏறுபவர்களும், ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானுக்காக ஜூலையிலேயே ஓட ஆரம்பிப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்துவிட்டு டீக்கடை வாசலில் நிற்கும்போது கேட்டவை. நான் மருத்துவர் இல்லை. பல வருடமாக ஓடுகிறேன், மலை ஏறுகிறேன், இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கிறேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் தொடர்பான தொல்லை உள்ளவர்கள் இதில் உள்ள எதையும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

ஒரு மலை ஏற, ஓர் அரை மாரத்தான் ஓட, எவ்வளவு கலோரி செலவாகும்?

ஓட்டத்துக்குச் சுலபமான கணக்கு உண்டு. உங்கள் எடையைக் கிலோமீட்டரால் பெருக்குங்கள். 60 கிலோ எடை உள்ளவர் 21 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 1260 கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது.

மலையில் தூரத்தைவிட உயரம்தான் முக்கியம். அதே 60 கிலோ ஆள் 1000 மீட்டர் உயரம் ஏறினால், உடம்பை மேலே தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 550 கலோரி போகும். பதினோரு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும் தூரம், முதுகுப் பையின் எடை, இறங்கும்போது முட்டி வாங்கும் அடி எல்லாம் இதற்கு மேல். வெள்ளியங்கிரியில் அடிவாரத்தில் இருந்து உச்சிக்கு ஆறு கிலோமீட்டர்தான் என்று கேள்விப்பட்டு, அதை நம்பி வெறும் தண்ணீர் பாட்டிலோடு கிளம்புபவர்கள் நிறையப் பேர். அந்த ஆறு கிலோமீட்டருக்குள் 1000 மீட்டருக்கும் மேல் ஏற்றம் இருக்கிறது.

உடம்பில்தான் கொழுப்பு இருக்கிறதே, அது போதாதா?

கொழுப்பு நிறைய இருக்கிறது. ஒல்லியான ஆளிடம்கூடப் பல நாளுக்கு வரும் அளவுக்கு உண்டு. ஆனால் விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு பெரிய கட்டை. மெதுவாக, நின்று எரியும். மாவுச்சத்து சுள்ளி. சட்டென்று பற்றும், சட்டென்று தீரும். மெதுவான நடைக்குக் கட்டையின் அனல் போதும். செங்குத்தாக ஏறும்போதும் ஓட்டத்தில் வேகம் கூடும்போதும் சுள்ளி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தச் சுள்ளியைக் கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை உடம்பு சேர்த்து வைத்திருக்கிறது. மொத்தமாக 2000 கலோரி அளவு. முழு மாரத்தானுக்கு 60 கிலோ ஆளுக்குத் தேவை 2500 கலோரிக்கும் மேல். கொழுப்பும் கூடவே எரியும் என்றாலும், 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது சேமிப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

என் முதல் முழு மாரத்தானில் இதை நேரில் அனுபவித்தேன். பசியே தெரியவில்லை என்பதால் இரண்டு இடங்களில் நீட்டிய வாழைப்பழத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினேன். 32 என்று எழுதிய பலகை வந்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். 42இல் 32 போனால் எவ்வளவு என்று எனக்கு வரவில்லை. பலகையைப் பார்த்தபடியே நின்றேன். கால் வலியைவிட அதுதான் பயமாக இருந்தது. ஒரு பையன் உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளையை வாயில் வைத்துவிட்டு, உட்கார வைத்தான். மூளைக்கும் அந்தச் சர்க்கரைதான் எரிபொருள் என்று படித்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

பசிக்கும்போது சாப்பிட்டால் போதும்தானே?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பாட்டுக்குக் கடிகாரத்தைப் பாருங்கள், தண்ணீருக்குத் தாகத்தைக் கேளுங்கள். உடம்பு உழைக்கும்போது, அதிலும் வெயிலில், பசி அடங்கிக் கிடக்கும். அது எட்டிப் பார்க்கும் நேரத்தில் சேமிப்பு தீர்ந்திருக்கும். தாகம் அப்படி இல்லை, பெரும்பாலும் சரியான நேரத்தில் சொல்லிவிடும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். தண்ணீரைக் கட்டாயப்படுத்திக் குடிக்கிறோம், சாப்பாட்டைப் பசி வரட்டும் என்று தள்ளிப் போடுகிறோம்.

சரி, கடிகாரப்படி என்றால் எவ்வளவு?

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கும் நடைக்கும் எதுவும் வேண்டாம். ஒன்றில் இருந்து இரண்டரை மணி நேரம் வரை என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. அதற்கும் மேல் நீண்டால், வயிறு பழகியவர்கள் 90 கிராம் வரை போகலாம். மலை நடை ஓட்டத்தைவிட மெதுவானது என்பதால் மணிக்கு 30, 40 கிராம் போதும். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், ஏற்றம் இல்லாத பாதை. அதற்குத் தனியாக எந்த ஏற்பாடும் தேவையில்லை, இரவுச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சரி.

30 கிராம் என்பது நம் சாப்பாட்டில் எவ்வளவு? சின்ன ஏலக்கி வாழைப்பழம் இரண்டு. அல்லது சாதாரண அளவுப் பேரீச்சம்பழம் ஐந்து. அல்லது 35 கிராம் வெல்லம் கரைத்த பானகம் அரை லிட்டர். அல்லது மூன்று இட்லி. மொத்தமாக ஒரே நேரத்தில் விழுங்காமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. நான் கைக்கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்க வைத்திருக்கிறேன். கூட வருபவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் பையைத் திறக்கப் பழகிவிட்டார்கள்.

எல்லோரும் ஜெல் வாங்குகிறார்கள். நானும் வாங்க வேண்டுமா?

ஓட்டக்காரர்களுக்காகப் பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்தான் ஜெல். கெட்ட பொருள் இல்லை. ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 20 முதல் 25 கிராம் சர்க்கரை இருக்கும், மெல்ல வேண்டாம், ஓடிக்கொண்டே விழுங்கலாம். அந்த வசதிக்குத்தான் காசு. போட்டி நாளில் நேரத்தைக் குறைக்கப் பார்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது பஞ்சாமிர்தம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழநி பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, கொஞ்சம் நெய், ஏலக்காய் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. தண்ணீர் சேராததால் எளிதில் கெடாது. ஜெல் தயாரிப்பவர்கள் குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் கலந்து போடுவதற்குக் காரணம், குடல் இவ்விரண்டையும் வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே எடுத்துக்கொள்ளும் என்பது. ஒரு வாசலில் கூட்டம் நெரிந்தாலும் இன்னொன்று திறந்திருக்கும். அதனால்தான் மணிக்கு 60 கிராமைத் தாண்ட முடிகிறது. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். அது உடைந்தால் இரண்டும் பாதிக்குப் பாதி கிடைக்கும். தேனிலும் இரண்டும் உண்டு. பழநிக்குப் பாதயாத்திரை போய்த் திரும்புகிறவர்கள் வீட்டுக்கு எடுத்து வருவது, ஓட்டக்காரருக்கு வேண்டிய அதே கலவைதான்.

செய்முறை எளிது. முதல் நாள் இரவு நாலைந்து கரண்டி பஞ்சாமிர்தத்தைக் கற்கண்டும் பேரீச்சைத் துண்டும் இல்லாமல் மசித்து, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு இளக்கி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சின்னப் பிதுக்குப் பையில் நிரப்பிக்கொள்ளுங்கள். நெய் அதிகமாக மிதந்தால் எடுத்துவிடுங்கள். ஓடும்போது கொழுப்பு வயிற்றில் தங்கும். குடித்ததும் இரண்டு வாய் தண்ணீர். நான் 12, 20, 27, 34ஆவது கிலோமீட்டர்களில் எடுக்கிறேன்.

கடலை மிட்டாய்?

மலைக்கு முதல் தரம், ஓட்டத்துக்கு வேண்டாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் வெல்லமும் நிலக்கடலையும்தான். 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி, எடுத்துச் செல்ல இதைவிட அடக்கமான சாப்பாடு கிடையாது. நிலக்கடலையின் கொழுப்பு மெதுவாக ஜீரணமாகும், அது மலை நடையின் நிதானத்துக்குச் சரி. ஓடிக்கொண்டே கடலையை மெல்லப் பார்த்தால் மூச்சு வாங்கும், துகள் புரையேறும்.

பொருள்விளங்கா உருண்டையும் அப்படியே. வறுத்த அரிசியும் பயறும் வெல்லப்பாகும் சேர்ந்து கல் மாதிரி இருக்கும், வாரக்கணக்கில் கெடாது. அவசரமாகக் கடித்தால் பல் போகும் என்பதால் வாயில் அடக்கிக்கொண்டே ஏற வேண்டியதுதான். அதுவே அதன் அருமை.

கட்டுச்சோறு எடுத்துப் போகலாமா? எது கெடாது?

புளியோதரை. நல்லெண்ணெயும் புளியும் உப்பும் சேர்ந்து பகல் முழுக்கத் தாங்கும். எலுமிச்சைச் சாதம் மதியம் வரை. தயிர்ச் சாதம் வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரத்தில் புளித்துப் போகும், மேலே போய்த் திறந்தால் மனசு நொந்துபோகும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாழையிலையில் கட்டினால் காலைக்கு நன்றாக இருக்கும்.

எனக்குப் பிடித்தது அவல். கெட்டி அவல் இரண்டு கைப்பிடி, பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவலுக்குப் பதில் கொப்பரைத் துண்டு, ஏலக்காய், ஒரு துளி உப்பு எல்லாம் உலர்ந்தபடியே எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறேன். உட்காரும் இடத்துக்குப் பத்து நிமிடம் முன்பு டப்பாவைத் திறந்து, அவல் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி மூடி, பையில் போட்டு நடந்துகொண்டே இருப்பேன். உட்கார்ந்து திறக்கும்போது அவல் ஊதிப் பூப்போல இருக்கும், வெல்லம் அடியில் பாகாக நிற்கும். விரலால் ஒரு கிளறு. அவ்வளவுதான்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதிப்பார்கள். டப்பா, துணி, இலை என்றே கட்டுங்கள். குரங்குகள் இருக்கும் பாதையில் கையில் தின்பண்டத்தோடு நடக்காதீர்கள், அவற்றுக்கு எதுவும் போடாதீர்கள். ஒருவர் பரிவோடு நீட்டும் பழத்தால், அடுத்து வரும் குழந்தையின் பையை அது பிடுங்கப் பழகுகிறது.

முதல் நாள் இரவு வயிறு முட்டச் சாப்பிட வேண்டும் என்கிறார்களே?

தசையில் மாவுச்சத்தை வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றி வைக்க முடியும், அப்படி ஏற்றியவர்கள் கூடுதல் நேரம் தாங்குகிறார்கள் என்பதை சுவீடன் ஆய்வாளர்கள் தசையில் இருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்துக் கண்டார்கள். அது 1967இல் வெளியானது. அதில் இருந்துதான் போட்டிக்கு முன் சோறாகச் சாப்பிடும் வழக்கம் பரவியது. இன்றைய கணக்கு, கடைசி ஒன்றரை முதல் இரண்டு நாளில், தினம் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ ஆளுக்கு 600 கிராம் என்றால் சோறாக மட்டும் சாப்பிட்டு முடிக்க முடியாது, முக்கால் கிலோ அரிசியை வடிக்க வேண்டும். ஆகவே ஒரே இரவில் முட்டமுட்டச் சாப்பிடுவதில் பொருள் இல்லை. இரண்டு நாள் முன்பிருந்தே சோறு, இட்லி, இடியாப்பம் ஆகியவற்றை ஒன்றரை மடங்காக்கி, கீரை, கிழங்கு, சுண்டல், சிறுதானியக் கூழ் போன்ற நார்ச்சத்தைக் குறைத்து, இடையே பானகமோ பழச்சாறோ குடியுங்கள். எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். அது மாவுச்சத்தோடு சேர்ந்து தங்கும் தண்ணீர், பதற வேண்டாம்.

முழு மாரத்தானுக்குத்தான் இதெல்லாம். 10 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் மலைக்கும் வழக்கமான ரசம் சாதம் போதும். முந்தின இரவு பரோட்டாவும் பிரியாணியும் மட்டும் வேண்டாம்.

காலை நாலரை மணிக்கு ஓட்டம் என்றால் எப்போது சாப்பிடுவது?

இரண்டு மூன்று மணி நேரம் முன்பு என்பது புத்தகம் சொல்வது. அதற்காக ஒன்றரை மணிக்கு எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றரைக்கு இரண்டு இட்லி சர்க்கரை தொட்டு, ஒரு வாழைப்பழம், பால் குறைத்த காபி. அதுவும் இறங்காது என்றால் அரிசிக் கஞ்சியில் உப்பும் வெல்லமும். போட்டி நாளில் புதிதாக எதையும் முயல வேண்டாம்.

காபி உதவும். களைப்பு உணர்வைக் குறைக்கிறது என்பது நன்றாக உறுதியான விஷயம். காஃபின் ஒரு காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருந்தது, 2004இல் எடுத்துவிட்டார்கள். தினம் குடிக்காதவர்கள் அன்றைக்கு ஆரம்பித்தால் படபடப்பும் கழிவறையும்தான் மிஞ்சும்.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்? நிறையக் குடித்தால் நல்லதுதானே?

இல்லை, இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு, உப்பில் இருக்கும் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களிடம், அதாவது வியர்வையில் போனதைவிட அதிகமாகக் குடித்தவர்களிடம், இது தெளிவாகத் தெரிந்தது. மெதுவாக, நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வழியில் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று இரண்டு தம்ளர் குடிக்க நேரம் இருப்பவர்கள் அவர்கள்தானே.

அறிகுறிகள் தலைவலி, குமட்டல், விரல்களும் முகமும் உப்புவது, பேச்சு குழறுவது, பிறகு வலிப்பு. இதை நீர் வற்றியதாக நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மோதிரம் இறுகி, குமட்டலும் குழப்பமும் இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

உங்கள் வியர்வை அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடும் முன் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிட்டுத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். முன்பு 62, பின்பு 60.9, நடுவில் குடித்தது 400 மில்லி என்றால் மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்க்கிறது. அத்தனையையும் ஈடு செய்ய வேண்டாம். எடையில் இரண்டு சதவீதம் குறைவது வரை பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லை. சென்னையின் ஈரக்காற்றில் ஓடிய எண்ணும் கொடைக்கானலின் குளிரில் ஓடிய எண்ணும் ஒன்றாக இருக்காது, தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ்., இளநீர், மோர், பானகம்: எது சிறந்தது?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கு. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்கு ஊசி வழித் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை, அதாவது ஓ.ஆர்.எஸ்.ஸை, வாய் வழியாகக் கொடுத்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. சர்க்கரை கூட இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் வேகமாக உள்ளே இழுக்கும் என்பதே அதன் அடிப்படை. நம் பானகத்தில் சிட்டிகை உப்புப் போடச் சொல்வதும் அதே காரணத்துக்குத்தான்.

இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். அதாவது உப்பு நிறைய, சக்தி சொற்பம். ஒரு லிட்டர் முழுவதும் குடித்தாலும் 55 கலோரிதான், ஓர் இட்லி அளவு. வயிற்றுப்போக்குக்கும் கடும் வியர்வைக்குப் பின்னும் அது மருந்து, சாப்பாடு ஆகாது. பெட்டியில் வரும் பழச்சுவைப் பானங்கள் பலவற்றில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் இருந்தது, உள்ளே சர்க்கரைதான் அதிகம் இருந்தது. அப்படிப் பெயர் போடக் கூடாது என்று 2025இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் பொடியாக வாங்குங்கள்.

ஓட்டத்துக்கும் மலைக்கும் நான் கலப்பது: ஒரு லிட்டர் தண்ணீர், 70 கிராம் வெல்லம், கால் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை ஒன்று, சுக்கு, ஏலக்காய். வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுக்குத் திப்பி தொண்டையில் உறுத்தும். இதைவிட இனிப்பாக்கினால் வயிறு பிசையும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். எனவே குடியுங்கள், ஆனால் உப்புக் கடலையும் கூட இருக்கட்டும். நீர்மோர் முடிந்த பிறகு அமிர்தம், ஓடும்போது சிலருக்குக் கலக்கும்.

கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. உப்புக் குறைவா?

பெரும்பாலும் இல்லை. பழகாத அளவுக்கு வேலை வாங்கிய தசை களைத்துப் போவதுதான் முக்கியக் காரணம், அதனால்தான் மலையில் இறங்கும்போதும் ஓட்டத்தின் கடைசியிலும் வருகிறது. நின்று, பாதத்தை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். வினிகரில் ஊறிய வெள்ளரி ஊறுகாயின் தண்ணீரைக் குடித்தால் ஒன்றரை நிமிடத்தில் விட்டுவிடுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். உப்பு இரத்தத்துக்குப் போய்ச் சேரும் முன்பே விடுகிறது, ஆகவே தொண்டையில் படும் அந்தப் புளிப்புதான் நரம்புக்கு ஏதோ சொல்கிறது என்று கருதுகிறார்கள்.

விரதம் இருந்து மலை ஏறலாமா?

ஏறுபவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், நானும் அப்படி ஏறியிருக்கிறேன். விரதம் என்றால் எதுவுமே வாயில் படக்கூடாது என்று எல்லா வீட்டிலும் இல்லை. பால், பழம், பானகம் பெரும்பாலான விரதங்களில் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், அனுமதி இருந்தால் அதைக் கடிகாரப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை, பின்னிரவில், வெள்ளியங்கிரி ஆறாவது மலைச் சுனைக்குப் பக்கத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் மூங்கில் கம்பைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குளிர் என்று நினைத்து நண்பர்கள் மூன்று துண்டுகளைப் போர்த்தியிருந்தார்கள். "எப்பப்பா சாப்பிட்ட?" என்று கேட்டதற்கு அவனுக்குப் பதில் சொல்ல வரவில்லை, நண்பன்தான் சொன்னான், "நேத்து மத்தியானம்ண்ணா." சுடுதண்ணீர்க் குடுவையில் நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து, சிறு சிறு வாயாகக் கொடுத்தோம். பிறகு இரண்டு பேரீச்சை. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்று, துண்டை மடித்து வைத்தான். குளிரில் சூடு உண்டாக்கவும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும். வெறும் வயிறு, ஈர உடை, மலைக் காற்று மூன்றும் சேரக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்?

மருத்துவரிடம் மருந்தின் அளவையும் நேரத்தையும் பேசாமல் கிளம்ப வேண்டாம். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஏறும்போது மட்டுமல்ல, அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். குளுக்கோஸ் சட்டைப் பையில் இருக்கட்டும், முதுகுப் பையின் அடியில் வேண்டாம். கூட வருபவரிடம் சொல்லி வையுங்கள்.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, இரும்புச்சத்து. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மூச்சு வாங்குகிறது, பயிற்சி போதவில்லை என்று தங்களையே குறைசொல்லிக்கொண்டு இன்னும் ஓடும் பெண்களைப் பார்க்கிறேன். முதலில் இரத்தத்தில் ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். முருங்கைக் கீரை, பயறு சாப்பிடும்போது கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள், டீ காபியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். மாத்திரையைச் சோதனை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஓட ஆரம்பித்த பிறகு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ அது ஓட்டத்தின் இயல்பு இல்லை. செலவுக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்று உடம்பு சொல்கிறது. எலும்பு மெலிந்து முறிவு வரை போகும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் இந்த இடத்தில் நேரடியாகத் தீங்கு செய்கிறது.

ஓடும்போது வயிறு கலக்குகிறது, என்ன செய்யலாம்?

கால்களுக்கு இரத்தம் போகும்போது குடலுக்குக் குறையும். முதல் நாள் நார்ச்சத்து, காரம், எண்ணெய் குறையுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் விடுங்கள். முக்கியமாக, வயிற்றையும் கால்களைப் போலப் பழக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டத்தில் மணிக்கு 20 கிராமில் ஆரம்பித்து, வாரம் வாரம் கூட்டிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

வலி வராமல் இருக்க ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

சைவச் சாப்பாட்டில் புரதம் போதுமா? புரத மாவு வாங்க வேண்டுமா?

நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குத் தினம் 1.2 முதல் 1.6 கிராம். 60 கிலோவுக்கு 72 முதல் 96 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம், அரை லிட்டர் பாலோ தயிரோ 16, சமைக்காத பருப்பு 50 கிராமில் 11 அல்லது 12, கைப்பிடி நிலக்கடலையில் 7, மீதி சோற்றிலும் இட்லியிலும் வரும். சாப்பாட்டில் குழம்பு நிறைய, பருப்பு கொஞ்சம் என்று இருந்தால்தான் எட்டாது. முட்டை சாப்பிடுபவர்களுக்கு இரண்டு முட்டையில் 12. அப்படியும் வராத நாளுக்கு மட்டும் புரத மாவு.

மலை இறங்கிய பிறகு, ஓடி முடித்த பிறகு?

மறுநாளும் ஏற வேண்டும் என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் மாவுச்சத்தும் 20, 25 கிராம் புரதமும். மறுநாள் ஓய்வு என்றால் அவசரமே இல்லை. அடிவாரத்தில் முதலில் உப்புப் போட்ட மோர் இரண்டு தம்ளர் நிதானமாக. ஈர உடையை மாற்றுங்கள். அதற்குள் பசி தானாக வந்துவிடும், இப்போது அதை நம்பலாம். சோறு, சாம்பார், இரண்டு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், கடைசியில் தயிர். சாப்பிட்டதும் வண்டியை எடுத்துவிடாதீர்கள். இரவெல்லாம் ஏறி இறங்கியவர்களுக்கு அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம் கடுமையாக இருக்கும். ஒரு மணி நேரமாவது எங்காவது படுத்து எழுந்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.